1947இன் விவால்டி: லூயிஸ் கோஃப்மனின் பழைய பதிவும் அதன் இறுவட்டும்

இத்தாலிய இசையமைப்பாளர் அன்ரோனியோ விவால்டியின் 'நான்கு பருவங்கள்' என்ற வயலின் இசைப்படைப்பு இன்று தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் இடங்களிலும் விளம்பரங்களிலும் ஒலித்து ஒலித்து, கேட்டும் கேளாத ஒன்றாகிவிட்டது. அது எவருடைய காதுக்கும் பழகியிராத காலத்தில், 'இப்படித்தான் வாசிக்க வேண்டும்' என்ற மரபு உருவாகும் முன்னரே வாசிக்கப்பட்ட பதிவு ஒன்றை நக்சோஸ் நிறுவனத்தின் வரலாற்றுப் பதிவுகள் வரிசை இரட்டை இறுவட்டாகத் தந்திருக்கிறது. அமெரிக்க வயலின் கலைஞர் லூயிஸ் கோஃப்மன், ஹென்றி சுவோபோடாவின் நெறியாள்கையில் 1947 டிசம்பரின் கடைசி நாட்களில் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் வாசித்தது இது. கர்நாடக இசையில் ஊறிய யாழ்ப்பாணத்துச் செவிகளுக்கு, பின்னர் வந்த பல புகழ்பெற்ற பதிவுகளை விட இதுவே நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பதிவின் அருமையை உணர விவால்டியின் கதையைச் சிறிதேனும் அறிந்திருப்பது நல்லது. 1678 மார்ச் 4ஆம் திகதி வெனிசில் பிறந்தவர் விவால்டி. அவருடைய தந்தை, முடிதிருத்தும் தொழிலிலிருந்து வயலினுக்கு மாறி, புனித மார்க் பேராலயத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றவர். மகன் 1703இல் குருவானார். செம்பட்டை முடியினால் 'செந்நிறக் குருவானவர்' என்று ஊரார் அழைத்தனர். நெஞ்சு இறுக்கம் என்று அவரே குறிப்பிட்ட நோயினால் பூசை ஒப்புக்கொடுப்பதை விரைவிலேயே நிறுத்திவிட்டார். குருவான அதே ஆண்டில், கைவிடப்பட்ட பெண் குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் இயற்றிய ஏறத்தாழ 500 கொன்செர்ட்டோக்களில் (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) பல அந்த இல்லத்துப் பெண்கள் வாசிப்பதற்காகவே எழுதப்பட்டவை. 1711இல் அம்ஸ்டர்டாமில் அச்சான மூன்றாம் தொகுதி ஐரோப்பா எங்கும் பரவியது. அதன் பத்தாவது உருப்படி நான்கு வயலின்களுக்கானது. அதனை ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபஸ்தியான் பாக், பியானோவுக்கு முந்திய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகோர்டு நான்குக்கு மாற்றி எழுதிக்கொண்டார். 'நான்கு பருவங்கள்' 1725இல் வெளிவந்த எட்டாம் தொகுதியின் முதல் நான்கு உருப்படிகள். 1741 ஜூலையில் வியன்னாவில் வறுமையில் இறந்த பிறகு, இரு நூற்றாண்டுக்கு அண்மித்த காலம் இவருடைய பெயரை அறிஞர் சிலரே அறிந்திருந்தனர்.

மறுவாழ்வு தொடங்கியது 1926இல். வட இத்தாலியில் சலேசிய துறவிகளின் கல்லூரி ஒன்று, கட்டடத் திருத்தத்துக்குப் பணம் வேண்டி, தன்னிடமிருந்த பழைய இசைச் சுவடிகளை விற்க முன்வந்தது. டூரின் தேசிய நூலகத்தின் பணிப்பாளர் லூயிஜி தோரியும் இசையறிஞர் அல்பேர்ட்டோ ஜென்டீலியும் ஆராய்ந்தபோது, அவற்றுள் விவால்டியின் கையெழுத்துப் படிகள் பதினான்கு தொகுதிகளாகக் கிடந்தன. நூலகத்திடம் பணம் இருக்கவில்லை. ரொபேர்ட்டோ ஃபோவா என்ற செல்வர், இளவயதில் இறந்த தம் மகன் மௌரோவின் நினைவாக அவற்றை வாங்கிக் கொடுத்தார். வேறொரு குடும்பத்திடம் பிரிந்து கிடந்த மறுபாதியை 1930இல் பிலிப்போ ஜோர்தானோ என்பவர், தாமும் இழந்திருந்த மகன் ரென்சோவின் பெயரால் வாங்கினார். அந்த இரு பிள்ளைகளின் பெயரிலேயே சுவடிகள் இன்றும் டூரினில் இருக்கின்றன. ஏடு தேடி அலைந்து கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையின் மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. 'நான்கு பருவங்கள்' அச்சிலேயே இருந்ததால் அதனை இச்சுவடிகள் மீட்டன என்று சொல்ல முடியாது. அதை இயற்றியவர் யார் என்ற ஆவலை உலகுக்கு ஊட்டியது இவைதான்.

கோஃப்மனின் பதிவையே இப்படைப்பின் முதற்பதிவு என்று பலர் எழுதுவதுண்டு. அது முழுவதும் சரியன்று. 1942இலேயே இசைநெறியாளர் பெர்னார்டினோ மொலினாரி இத்தாலியில் பதிவு செய்துவிட்டார். ஆனால் அது அவர் தம் விருப்பப்படி பெருக்கி அமைத்த வடிவம். விவால்டியை விட மொலினாரியே அதில் மிகுதி. படைப்பை உலகெங்கும் கொண்டுசென்றது கோஃப்மனின் பதிவுதான். 1950இல் பிரான்சின் உயரிய இசைத்தட்டு விருதைப் பெற்ற இது, 2003இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. 1948 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணிக்கப்போவதாக அறிவித்திருந்தமையால், ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருந்தது. அந்த அவசரம் வாசிப்பில் எங்கும் தெரியவில்லை. ஒருவேளை சிறிது தெரிந்திருந்தால் 'இலையுதிர்கால'த்தின் வேட்டைப் பகுதி இன்னும் துடிப்பாக அமைந்திருக்கும்.

கோஃப்மன் ஹொலிவூட் திரைப்படங்களின் பின்னணி இசையில் நெடுங்காலம் வாசித்தவர். அகன்ற அதிர்வும் இனிப்பான நாதமும் அவருடைய வில்லுக்கு இயல்பானவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிச் செல்வதை அவர் ஒளிப்பதில்லை. விவால்டி வாழ்ந்த பரோக் காலக் கருவிகளைக் கொண்டு வாசிக்கும் இன்றைய குழுக்கள் இந்த வழுக்கலைப் பிற்காலத்து அழுக்காகக் கருதி நீக்கிவிட்டன. வேகமும் கூர்மையுமே அவர்களுடைய பலம். வரலாற்று நியாயம் அவர்கள் பக்கம் இருக்கலாம். என்றாலும், நம் வித்துவான்களின் ஜாருவைக் கேட்டு வளர்ந்த காது, 'வசந்த'த்தின் இரண்டாம் பகுதியில் ஆட்டிடையன் உறங்கும் நீண்ட சுரங்களை கோஃப்மன் இழைத்துக் கொண்டுபோகும்போது அமைதி கொள்கிறது. அதே பகுதியில் வயலினை விடச் சற்றுப் பெரிய வியோலா திரும்பத் திரும்ப எழுப்பும் இரட்டை ஒலி நாய் குரைப்பதைக் குறிப்பது. அதை முரட்டுத்தனமாக வாசிக்கும்படி விவால்டியே எழுதி வைத்திருக்கிறார். இப்பதிவில் அந்த நாய் சற்றுச் சாதுவானது.

உருப்படிகளோடு அச்சான, பருவங்களை வர்ணிக்கும் நான்கு கவிதைகளையும் படித்துக்கொண்டே கேட்பது நல்லது. அவற்றில் காற்றுகள் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. 'கோடை'யில் மென்மையான மேல்காற்று வீசிக்கொண்டிருக்கையில் வடகாற்று திடீரென்று சண்டைக்கு வருகிறது. 'குளிர்கால'த்தின் முடிவில் தென்கிழக்கிலிருந்து வரும் சிரோக்கோவும் வடகாற்றும் ஏனையவையும் போரிடுகின்றன. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசை பிரித்து அறிந்து, அதற்கேற்பத் தோணி இறக்கும் கரையோர மக்கள் வாழும் குடாநாட்டில் இது அந்நியமான கற்பனையன்று. பனிக்கட்டியில் சறுக்கி விழுவது நமக்கு விளங்காமல் போகலாம். ஆனால் 'கோடை'யின் தொடக்கத்தில் வெயிலில் மனிதனும் மந்தையும் சோர்ந்து கிடக்கும் அந்த இடைவெளி நிறைந்த இசை, சித்திரை வைகாசி மதியத்தை அப்படியே சொல்லும். இப்பதிவின் மிகச் சிறந்த பகுதியாக நான் கருதுவதும் அதையே. கோஃப்மனும் சுவோபோடாவும் அங்கே மௌனங்களை அவசரப்பட்டு நிரப்பவில்லை.

ஒலித்தரம் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். இது ஒற்றைத் தடப் பதிவு. தனிவயலின் முன்னால் நிற்க, ஹார்ப்சிகோர்டும் மற்றவையும் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. உச்ச சுரங்களில் ஒளி குறைவு. மெல்லிய இரைச்சலும் உண்டு. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இது ஒரு குறையே அன்று. துல்லியமான ஒலியைத் தேடுவோர் இத்தாலியின் இ மூசிச்சி குழு 1959இல் பெலிக்ஸ் அயோவைத் தனிவயலினாகக் கொண்டு செய்த ஸ்டீரியோ பதிவிலிருந்து தொடங்கலாம்.

'பருவங்க'ளுக்கு அப்பால் எட்டாம் தொகுதியின் மீதி எட்டு உருப்படிகளும் இதில் உள்ளன. அவற்றை கோஃப்மன் 1950இல் சுவிட்சர்லாந்தில் பதிவு செய்தார். 'கடற்புயல்', 'வேட்டை' போன்ற பெயர் பெற்றவை அவற்றுள் அடங்கும். சில உருப்படிகள் ஒரே அச்சில் வார்த்தவையாகத் தோன்றுவதால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்பது அலுப்பூட்டும். எனினும் 'கடற்புயல்' ஒன்றுக்காகவேனும் இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது.

யாழ்ப்பாண நகரக் கடைகளில் இத்தகைய இறுவட்டுகளை எதிர்பார்க்க முடியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. வயலின் பயிலும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முதலில் 'கோடை'யைப் போட்டுக் காட்டுங்கள். மிகவும் பழகிப்போன 'வசந்த'த்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.