இரு கை வாளுக்கு ஒரு மரவாள்: கிருஷ்ணகிரி தச்சுப்பட்டறை

பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி தொகுப்பில் 3542ஆம் எண் சுவடியில், இரு கையாலும் பிடித்து வீசும் வாளுக்கான 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாடம் சில ஏடுகளில் இருக்கிறது. படமோ, வாளின் அளவோ கிடையாது. அடிக்குப் பெயரும் கால்வைப்பும் மட்டும்தான். முதல் பாடமே இரட்டைச் சுழற்றோடு மூன்று காலடி முன்னே, அதே மூன்று பின்னே. சிலம்பத்தில் காலடி பழகியவர்களுக்கு இது பிடிபடும்.

அதைப் பழக இந்தப் பட்டறையில் செய்து தரும் 48 அங்குல மரவாள் நன்றாகவே இருக்கிறது. பிடி 11 அங்குலம், இரு கைக்கும் இடம் தாராளம். மரம் கருவேலம், எடை ஒரு கிலோவை ஒட்டி. விரலில் தாங்கினால் குறுக்குக்கட்டைக்கு (பிடிக்கு மேலே கையைக் காக்கும் கட்டை) நாலு விரல் மேலே சமநிலை நிற்கிறது. இன்னும் மேலே போனால் இரட்டைச் சுழற்றில் மணிக்கட்டு வலிக்கும்.

ஒரே குறை, குறுக்குக்கட்டையை ஆணியடித்துப் பூட்டுகிறார்கள். மோதும் அதிர்வு முழுக்க அங்கே இறங்குவதால் விரிசல் அந்த ஆணி ஓட்டையில்தான் பிறக்கும். ஆணி வேண்டாம், கட்டையின் துளையை இறுக்கமாகச் செதுக்கிப் பசை போட்டுச் சணல் சுற்றித் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், செய்து தருகிறார்கள். மரரேகை நுனிவரை நேராக ஓடுகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் போதும்.