அம்மாவுக்குப் பிசியோ தேடியபோது: ஜி.எச்.சா, கிளினிக்கா, வீட்டுக்கே வருபவரா?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆன அன்று கொடுத்த சீட்டில் கடைசி வரியாக "பிசியோதெரபி தொடரவும்" என்று இருந்தது. எங்கே, யாரிடம், வாரத்துக்கு எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு அடுத்த சில மாதங்களில் இருக்கிற வழியை எல்லாம் முயன்று பார்த்துவிட்டோம். இதே மாதிரி சீட்டோடு வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கு இரண்டு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாதத்தில் இரண்டு வாரம் என்பது பெரிது, கைகால் திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் 3 முதல் 6 மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. எங்களுக்கு முதல் வாரம் முழுக்க, புறா ரத்தம் தேய்க்கச் சொன்ன உறவினர்களுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விட்டது.

முதலில் போனது தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பவரின் படிப்பைப் பற்றி நாம் துருவ வேண்டியதில்லை, பணம் கிடையாது, ஏதாவது சந்தேகம் என்றால் நரம்பு டாக்டரும் அதே வளாகத்தில் இருக்கிறார். கஷ்டம் தூரத்தில்தான். 20 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் காலை ஓ.பி. நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நிற்கவே முடியாதவரை வண்டியில் ஏற்றி இறக்கி, வரிசையில் உட்கார வைத்து வீடு திரும்புவதற்குள் அம்மா துவண்டுவிடுவார், அன்றைக்கு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி அதோடு நின்றுவிடும். தஞ்சாவூருக்குள்ளேயே வீடு இருந்திருந்தால் நான் வேறு எங்கும் போயிருக்க மாட்டேன்.

அப்புறம் பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக். கூட்டம் இல்லை, நேரம் சொல்லி வைத்தால் உடனே பார்ப்பார்கள். ஆனால் பத்து நாளுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள், அந்தப் பத்து நாளும் பெரும்பாலும் கரண்ட் வைத்ததோடு சரி. மெஷினை மாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார்கள். கரண்டுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை, இடுப்புவலி, தோள்வலிக்கு வலியைக் குறைக்க வைக்கிறார்கள், வாதத்திலும் சில இடத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அம்மாவுக்குத் தேவைப்பட்டது கட்டிலில் புரள்வது, நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு காலில் பாரம் தாங்குவது. அதை ஒருவர் கூடவே நின்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால்தான் வரும். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர், தோள் இறுகிப் போனவர், ஓரளவு நடமாடக்கூடிய எவரும் நல்ல கிளினிக்காகப் பார்த்துப் போகலாம், அங்கே சாதனங்கள் இருக்கின்றன. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது முதல் தேர்வு இல்லை.

வீட்டுக்கு வருபவர் விஷயத்தில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்களுக்கு மிகவும் உதவியதும் அதுதான், அடிபட்டதும் அதில்தான். முதலில் வந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று நம்பிக் கூப்பிட்டோம், படிப்பைக் கேட்கவே இல்லை. அவர் விழுந்த கையைப் பிடித்து இழுத்து இழுத்து மேலே தூக்கினார். வாதத்தில் தோள் தசை பிடிப்பில்லாமல் இருக்கும், அந்தக் கையை இழுத்தால் மூட்டு விலகிவிடலாம். ஒரே வாரத்தில் அம்மா தோள்வலியில் ராத்திரி தூங்காமல் அழ ஆரம்பித்தார். பிறகு விசாரித்தால் அவர் ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ் படித்தவர்.

இரண்டாவதாக வந்த அம்மணி பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டப்படிப்பு முடித்தவர். முதல் நாள் மெஷின் எதுவும் எடுக்கவில்லை, கட்டில் உயரத்தையும் பாத்ரூம் படியையும் பார்த்தார், அம்மா எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்தார், அப்புறம் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காமல் எப்படி எழுப்புவது என்று எனக்கும் அண்ணிக்கும் செய்து காட்டினார். அவர் இருப்பது முக்கால் மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் நாங்கள்தானே. கிளினிக்கைவிடத் தினசரிச் செலவு அதிகம்தான், ஆனால் வண்டி வாடகையைச் சேர்த்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அதனால் படிப்பைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பி.பி.டி. என்பது இதுவரை ஆறு மாதப் பயிற்சியோடு சேர்த்து நாலரை வருடப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் படித்தவர் உடனே சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிசியோதெரபிஸ்ட்டுகள் அப்படிப் போடலாமா என்பதில் 2025 செப்டம்பரில் மத்திய அரசுத் தரப்பிலேயே ஒரு உத்தரவு வந்து மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. சங்க உறுப்பினர் அட்டையும் அப்படித்தான், உறுப்பினர் என்பது வேறு, பதிவு என்பது வேறு. 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தில் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டு, பதிவுக்கு மாநில கவுன்சில்கள் என்று ஏற்பாடு இருக்கிறது, ஆகவே பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பதும் நம் உரிமை.

மக்களைத் தேடி மருத்துவத்தையும் விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை, வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதும் உண்டு, இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். ஒரு பகுதி முழுக்கச் சுற்றுகிறவர் என்பதால் தினமும் வர முடியாது, இதை மட்டும் நம்பி முதல் மூன்று மாதத்தைக் கடத்த முடியாது. பணம் கொடுத்து ஆள் வைக்க முடியாத வீட்டில் வந்து பயிற்சியைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனாலே அது பெரிய உதவி.

நாங்கள் கடைசியில் செய்தது: வாரம் மூன்று நாள் அந்த அம்மணி, மற்ற நாள் அண்ணியும் நானும், மாதம் ஒரு தடவை தஞ்சாவூர் மெடிக்கலில் காட்டிவிட்டு வருவது. அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வருகிறார். தோள் மட்டும் இன்னும் சரியாகவில்லை.