பென்டகனுக்கு சரக்கு அனுப்புறீங்களா? வைட் ஏரியா வொர்க்ஃப்ளோ எப்படின்னு ஒரு ரிவ்யூ

அமெரிக்க டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற ஒரு சின்ன மெஷின் ஷாப்ல ஷிப்பிங், பில்லிங் ரெண்டையும் பாக்குறேன். இங்க நம்ம ஆளுங்க நெறைய பேர் சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு கவர்மென்ட் கான்ட்ராக்ட் எடுக்குறாங்க, கான்ட்ராக்ட் கெடைக்கிற வரைக்கும் வழி சொல்ல நூறு பேர் வர்றான், சரக்கு வண்டி ஏறுனதுக்கப்புறம் காசு எப்படி வருதுன்னு சொல்லத்தான் ஆளே இல்ல, அதனாலதான் இதை எழுதுறேன்.

வைட் ஏரியா வொர்க்ஃப்ளோங்கிறது டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு சரக்கு விவரமும் பில்லும் ஆன்லைன்ல போடுற சிஸ்டம். மொதல்லயே சொல்லிடுறேன், எனக்கு இது புடிச்சிருக்கு. ஸ்க்ரீன் பாக்க லட்சணமா இருக்காது, புதுசா வர்றவங்களுக்கு கண்ணக் கட்டும். ஆனா சரக்கு வருதுன்னு முன்கூட்டியே சொல்ற ஏஎஸ்என், கவர்மென்ட் தரப்புல "சரக்கு சரி, ஏத்துக்கிட்டோம்"னு போடுற கையெழுத்து, நம்ம இன்வாய்ஸ், இந்த மூணையும் ஒரே கயித்துல கோத்து வச்சிருக்காங்க. பிரைவேட் கஸ்டமர்ங்க பல பேர் கிட்ட இதுக்கு மூணு தனித்தனி போர்ட்டல், மூணு பாஸ்வேர்டு.

முன்னாடி இதெல்லாம் டிடி 250னு ஒரு பேப்பர் ஃபார்ம்ல ஓடுனது. பெட்டியோட ஒரு காப்பி, இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணு, பேமென்ட் ஆபீஸுக்கு ஒண்ணுன்னு போகும், நடுவுல ஒண்ணு காணாம போனா பணமும் அங்கயே நின்னுடும். பில்லை எலக்ட்ரானிக்காதான் வாங்கணும்னு 2001 நிதியாண்டு டிஃபென்ஸ் சட்டத்துலயே கொண்டு வந்தாங்க, இப்ப கான்ட்ராக்ட்ல 252.232-7003, 252.232-7006ன்னு ரெண்டு கிளாஸ், அதாவது ஷரத்து, இருக்கும். அந்த ரெண்டாவது கிளாஸைப் பிரிண்ட் எடுத்து டேபிள்ல ஒட்டி வச்சுக்கோங்க. எந்த டாக்குமென்ட் டைப் போடணும், யார் இன்ஸ்பெக்ட் பண்ணுவாங்க, யார் அக்செப்ட் பண்ணுவாங்க, காசு கொடுக்குற ஆபீஸ் எது, எல்லாம் அதுல இருக்கும், அந்தந்த ஆபீஸுக்கு டோடாக்னு ஆறு எழுத்து கோடும் ஒரு டேபிளாவே இருக்கும். அதைப் பாத்து அப்படியே போட்டாலே பாதி தலைவலி போச்சு.

உள்ள போறதுக்கு சாம்ங்கிற கவர்மென்ட் கான்ட்ராக்டர் ரிஜிஸ்ட்ரேஷன்ல உங்க கேஜ் கோடு, அதாவது கம்பெனிக்கான அடையாள கோடு, ஆக்டிவா இருக்கணும், அதுல எலக்ட்ரானிக் பிசினஸ் காண்டாக்ட்னு யார் பேர் இருக்கோ அவங்க மூலமாதான் உங்க கம்பெனிக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் நியமிக்கணும். இது மொதல் ஷிப்மென்ட் ரெடியாகி பெட்டி கட்டுற அன்னிக்கு பண்ற வேலை இல்ல, கான்ட்ராக்ட் கையெழுத்தான வாரமே முடிச்சிடுங்க.

சரக்கு விக்கிறவங்க பெரும்பாலும் போடுறது காம்போ, அதாவது இன்வாய்ஸும் ரிசீவிங் ரிப்போர்ட்டும் சேந்தது, இந்த ரிப்போர்ட்தான் இங்க ஏஎஸ்என். கான்ட்ராக்ட் நம்பர் அடிச்சா அவங்க டேட்டாபேஸ்ல இருந்து பல விவரம் தானா வந்து உக்காந்துடும். அப்புறம் ஹெடர், அட்ரஸ், லைன் ஐட்டம், பேக்னு டேப் டேப்பா போகணும். ஷிப்மென்ட் நம்பருக்கு ஒரு முறை இருக்கு, முன்னாடி மூணு எழுத்து, பின்னாடி நாலு எண், அந்த கான்ட்ராக்ட்ல கடைசி ஷிப்மென்ட்னா வால்ல ஒரு இசட். இந்த இசட்டை நடுவுல எங்கயாவது போட்டுட்டா மிச்ச சரக்கு வரவே வராதுன்னு எதிர்பக்கம் நெனைச்சுக்குவாங்க.

லைன் ஐட்டத்துல நான் எல்லாருக்கும் கெஞ்சி சொல்றது யூனிட்டைத்தான். கான்ட்ராக்ட்ல ஸ்க்ரூ 5 எச்டின்னு இருக்கும், எச்டின்னா நூறு, அப்போ மொத்தம் 500 பீஸ். ஷாப் ஃப்ளோர்ல நம்ம பசங்க எண்ணுறது பீஸ் கணக்கு, பேக்கிங் ஸ்லிப்ல 500னு வருது, அதைப் பாத்து ஏஎஸ்என்ல 500 அடிச்சா 500 நூறுன்னு ஆயிடும். பெட்டிக்குள்ள சரக்கு அத்தனையும் சரியா இருக்கும், ஆனா அங்க சரக்கு இறக்குற டாக்ல நிக்கிற ஆள் ஸ்க்ரீனையும் பெட்டியையும் பாத்துட்டு ஓரமா தள்ளி வச்சிடுவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

பேக் டேப் பத்தி கொஞ்சம் நெறையவே சொல்லணும், ஏன்னா உண்மையான ஏஎஸ்என் பலம் அங்கதான் இருக்கு. பென்சில்வேனியால சஸ்குவெஹானா, கலிஃபோர்னியால சான் ஹோக்கீன், இந்த மாதிரி பெரிய டிப்போக்களுக்குப் போற சரக்குல கான்ட்ராக்ட் கிளாஸ் கேட்டா பெட்டிக்கும் பேலட்டுக்கும் ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலையில படிக்கிற டேக், ஒட்டணும். அந்த டேக் நம்பர் 24 எழுத்து, 2எஃப்னு ஆரம்பிக்கும், உள்ள உங்க கேஜ் கோடும் ஒரு சீரியல் நம்பரும் ஒளிஞ்சிருக்கும். எந்தப் பேலட்ல எந்தப் பெட்டி, எந்தப் பெட்டில எந்த லைன் எத்தனைங்கிறதை இந்த டேக் நம்பரோட கட்டி அனுப்பணும். ஏஎஸ்என் முன்னாடியே போயிருந்தா வண்டி வந்ததும் ரீடர் டேக்கைப் படிச்சு, பெட்டியைப் பிரிக்காமலேயே உள்ள என்ன இருக்குன்னு காட்டிடும். போகலன்னா அந்த டேக் வெறும் 24 எழுத்துதான், அதுக்கு அர்த்தம் சொல்ல அங்க ஒண்ணும் கெடையாது. ஒண்ணு 5,000 டாலரோ அதுக்கு மேலயோ உள்ள ஐட்டம்னா பொதுவா யூஐடி மார்க்கிங்கும், அதாவது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனி அடையாள நம்பர், கேப்பாங்க, அந்த நம்பரையும் இந்த சிஸ்டத்துலயே ஏத்தணும்.

அதனால வண்டி கெளம்புற அன்னிக்கே போட்டுடுங்க. நெறைய சின்ன கம்பெனிக்காரங்க இதை பில்லுன்னு நெனைச்சு மாசக் கடைசில அக்கவுண்டன்ட் கிட்ட தள்ளி விட்டுடுறாங்க. சரக்கு போய் சேந்திருக்கும், அக்செப்ட் பண்ண வேண்டியவர் ஃபோல்டர்ல டாக்குமென்ட்டே இருக்காது, அவர் எதுல கையெழுத்து போடுவார்? ப்ராம்ட் பேமென்ட்னு, கவர்மென்ட் நேரத்துக்கு காசு கொடுக்கணும்ங்கிற விதி இருக்கு, அதோட கணக்கு பொதுவா 30 நாள், சரியான இன்வாய்ஸ் போன தேதி, சரக்கை ஏத்துக்கிட்ட தேதி, இதுல எது பிந்துதோ அங்க இருந்து கணக்கு. தாமதமா கொடுத்தா கவர்மென்ட் வட்டியும் சேத்து தரணும், ஆனா நாம லேட்டா போட்டா அந்த கடிகாரமே ஓட ஆரம்பிக்காது.

கொறைன்னு பாத்தா லைன் நெறைய இருந்தா வெப்ல கையால அடிக்கிறது கொடுமை, கம்ப்யூட்டரே நேரா ஏஎஸ்என் அனுப்புற இடிஐ 856 இல்லன்னா ஃபைல் அப்லோடு பக்கம் போயிடுறது நல்லது. இன்னொண்ணு, அக்செப்டருக்கு தகவல் போச்சான்னு நம்ம பக்கம் நிச்சயம் தெரியாது. சப்மிட் பண்ணதும் கூடுதல் ஈமெயில் அனுப்புறதுக்கு ஒரு லிங்க் வரும், எல்லாரும் அதைத் தாண்டி போயிடுறாங்க, கான்ட்ராக்ட்ல கொடுத்திருக்கிற ஈமெயிலை அங்க கண்டிப்பா போடுங்க. பல தடவை அந்த ஒரு மெயில்தான் ஆளை எழுப்புது.

பிரைவேட் பக்கமும் நாங்க ஒரு பெரிய ரீடெயில் செயினுக்கு அனுப்புறோம், அங்க ஏஎஸ்என் லேட்டானா நேரா சார்ஜ்பேக், பில்லுல பிடிச்சுக்குவாங்க. நடுவுல உக்காந்திருக்கிற இடிஐ கம்பெனி நம்ம ஃபைலை வாங்கி வச்சுக்கிட்டு சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தமா தள்ளுது, வண்டி கிட்டக்க இருக்கிற கோடவுனுக்கு அந்த ஃபைலுக்கு முன்னாடியே போய் நிக்குது, அபராதம் எங்க தலைல. டாக்குமென்ட்டுக்கு இவ்வளவுன்னு காசும் வாங்கிக்கிட்டு இதைப் பண்றாங்கங்கிறதுதான் வயித்தெரிச்சல். வொர்க்ஃப்ளோவுக்கு கட்டணமே கெடையாது, நாம போட்டது எந்த ஃபோல்டர்ல யார் கிட்ட நிக்குதுன்னும் பாக்கலாம், எதிர்பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி தப்பு தெரிஞ்சா ரீகால் பண்ணி திருத்தலாம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுப்பேன். புதுசா வர்றவங்க அவங்களே வச்சிருக்கிற ட்ரெயினிங் பக்கத்துக்குப் போயிட்டு வாங்க, அதுவும் ஃப்ரீதான், காம்போவும் பேக் டேபும் மட்டும் பொறுமையா பாத்துட்டா மொதல் ஷிப்மென்ட்டுக்குப் போதும்.