விசா மாத்தித் தர்றேன்னு 6,500 பவுண்டு வாங்கிட்டு ஏமாத்திட்டான், யூகேல ஐசிடி விசால (கம்பெனி மூலமா ஆன்சைட் வர்ற விசா) இருக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

6,500 பவுண்டு. நம்ம ஊர்க் காசுல ஏழு லட்சத்துக்கு மேல. நேத்து சாயங்காலம் தான் எல்லாமே பொய்னு உறுதியாச்சு, ராத்திரி பூரா நானும் என் மனைவியும் தூங்கல, அந்தக் கோவத்தோடவே எழுதறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் சென்னைல இருந்து கம்பெனி மூலமா ஆன்சைட் வந்தவன், இப்ப ரெடிங்ல இருக்கோம். விசா குளோபல் பிசினஸ் மொபிலிட்டி, 2022 ஏப்ரல்ல பேர மாத்திட்டாங்க, ஆனா நம்மாளுங்க இன்னும் ஐசிடின்னு தான் சொல்லுவோம். இதுல இருக்கற வருஷம் எதுவும் 5 வருஷ ஐஎல்ஆருக்கு (இங்க நிரந்தரமா தங்கற அனுமதி) கணக்கு ஆகாது, எங்கள மாதிரி சம்பளத்துக்கு 6 வருஷத்துல 5 வருஷம் தான் இருக்க முடியும், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியது தான். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறினா தான் அந்த 5 வருஷம் ஓட ஆரம்பிக்கும். இங்க இருந்துகிட்டே மாறலாம், ஆனா ஏதாவது ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும், எங்க கம்பெனி முடியாதுன்னு கைய விரிச்சுட்டாங்க. போதாததுக்கு 2025 மே மாசம் கவர்மென்ட் வெள்ளை அறிக்கை விட்டதுல இருந்து ஐஎல்ஆருக்கான 5 வருஷத்த 10 வருஷமாக்கப் போறாங்கன்னு எல்லாருக்கும் பயம். இந்தப் பயத்த வச்சுத்தான் எங்கள ஏமாத்தினவன் பொழைக்கறான்.

லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு கன்சல்டன்சி, பேரு போடல, போலீஸ்ல கொடுத்திருக்கறதால இப்போதைக்கு வேண்டாம். வேலையும் ஸ்பான்சர்ஷிப்பும் சேர்த்து பேக்கேஜ்னு விளம்பரம். நேர்ல போனோம். சுத்தமான ஆபீஸ், வாசல்ல பிள்ளையார் படம், அவன் எழுந்து வந்து "வாங்க தம்பி, வாம்மா தங்கச்சி"ன்னு உக்கார வச்சு காபி வரவழைச்சான். "நானும் ஐசிடில வந்து கஷ்டப்பட்டவன் தான் தம்பி, உங்க மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்"னு ஆரம்பிச்சு எங்க ஊரு, பொண்ணு எந்த இயர் படிக்குதுன்னு எல்லாம் கேட்டான். அப்புறம் லேப்டாப்ப எங்க பக்கம் திருப்பி ஹோம் ஆபீஸோட (விசா பாக்கற கவர்மென்ட் துறை) ஸ்பான்சர் லிஸ்ட்டத் தொறந்தான், அதுல வேலை தரப்போறதா அவன் சொன்ன ஐடி கம்பெனி பேரு இருக்கு, ஏ ரேட்டிங், ஸ்கில்டு வொர்க்கர்னு தெளிவா போட்டிருக்கு. வீட்டுக்கு வந்து கவ்.யூகேல நானும் தேடுனேன், இருந்துச்சு. அந்தக் கம்பெனி நிஜம், லைசன்ஸ் நிஜம். அந்தக் கம்பெனிக்கும் இவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லங்கறது தான் நேத்து தெரிஞ்சது.

முதல்ல 2,500 பவுண்டு கேட்டான், அது இங்க இருக்கற பேங்க் அக்கவுண்டுக்குப் போச்சு. அப்புறம் ஒரு வீடியோ இன்டர்வியூ, எதிர்ல இருந்தவங்க கேமரா ஆன் பண்ணவே இல்ல. ஆஃபர் லெட்டர் வந்துச்சு, சாஃப்ட்வேர் டெவலப்பர், 42,500 பவுண்டு. என் மனைவி தான் கேட்டா, "அண்ணா, ஒவ்வொரு வேலைக்கும் தனியா கோயிங் ரேட்னு ஒரு சம்பள அளவு இருக்காமே, இது பத்துமா"ன்னு. "2025 ஜூலைல இருந்து 41,700 தான் தங்கச்சி மினிமம், அதத் தாண்டிட்டோம்ல, இத நான் பாத்துக்கறேன்"னு சிரிச்சுகிட்டே சொன்னான். பச்சைப் பொய். 41,700, கோயிங் ரேட், ரெண்டுல எது அதிகமோ அதக் கொடுத்தாகணும், சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு அது 50 ஆயிரத்துக்கு மேல. அந்த லெட்டர வச்சு அப்ளை பண்ணியிருந்தா ரிஜெக்ட் தான் ஆகியிருக்கும்.

அடுத்து ஹோம் ஆபீஸ் முத்திரை எல்லாம் போட்டு ஒரு பிடிஎஃப், அதுதான் சிஓஎஸ்னு (சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப், விசாவுக்கு அப்ளை பண்ண கம்பெனி தர்றது) சொன்னான், நம்பர்ல பாதி மறைச்சிருந்தது. மீதி 4,000 கட்டினா தான் முழு நம்பர் ரிலீஸ் ஆகுமாம், "சிஓஎஸ் 3 மாசத்துல எக்ஸ்பயர் ஆயிடும் தம்பி, சீக்கிரம்"னு தினமும் மெசேஜ். இந்தத் தடவ அவன் மச்சான் பேர்ல இருக்கற இந்தியா அக்கவுண்டுக்கு அனுப்பச் சொன்னான், வரி விஷயம்னு காரணம். பில்லுல சிஓஎஸ் ஃபீ 525, ஸ்கில்ஸ் சார்ஜ்னு வரி வரியா போட்டிருந்தான். இது ரெண்டும் கம்பெனி தான் கட்டணும், வேலைக்கு வர்றவன் தலைல கட்டக்கூடாதுன்னு ரூலே இருக்கு. 4,000 போச்சு. மொத்தம் 6,500 பவுண்டு.

அதுக்கப்புறம் பாக்கணுமே. ஹோம் ஆபீஸ் சிஸ்டம் டவுன். கம்ப்ளையன்ஸ் மேனேஜர் லீவு. "நாளைக்கு மத்தியானம் கண்டிப்பா தம்பி." அப்புறம் ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு எடுத்து சார் மீட்டிங்ல இருக்காருன்னு சொல்லும், பின்னாடி அவன் குரல் எனக்கு நல்லா கேக்குது. காச திருப்பிக் கேட்டா ரீஃபண்ட் பாலிசி, அட்மின் சார்ஜ் போக மீதி, 45 வொர்க்கிங் டேஸ். இதுக்கு நடுவுல "நீங்க இன்னைக்கே பேப்பர் போடுங்க, அப்பத்தான் புது கம்பெனி நம்பும்"னு நச்சரிச்சான் பாருங்க, அத நெனச்சா தான் வயிறு எரியுது. நான் ரிசைன் பண்ணியிருந்தா எங்க கம்பெனி ஹோம் ஆபீசுக்கு ரிப்போர்ட் பண்ணிடும், விசாவ 60 நாளாக் குறைச்சு லெட்டர் வரும், குழந்தையோட ஊருக்குக் கிளம்ப வேண்டியது தான். விசா கைக்கு வராம ஒரு பேப்பரும் போடக்கூடாதுன்னு என் மனைவி ஒரே பிடியா நின்னா.

நேத்து அந்த ஐடி கம்பெனி வெப்சைட்ல இருக்கற நம்பருக்கு நானே போன் பண்ணேன். அப்படி ஒரு வேலையே இல்லையாம், அந்த கன்சல்டன்சி யாருன்னே தெரியாதாம், உங்கள மாதிரியே வேற ஆளுங்களும் கேட்டாங்கன்னு சொன்னாங்க. உடனே அவனுக்கு அடிச்சேன். தம்பிங்கற பேச்செல்லாம் போச்சு, "கம்ப்ளைன்ட் பண்ணா உங்க விசாவுக்குத் தான் ஆபத்து, யோசிச்சுக்கோங்க"ன்னு மெரட்டிட்டு பிளாக் பண்ணிட்டான். 6,500 பவுண்ட வாங்கிட்டு மெரட்டல் வேற.

என்ன செய்யணும்னு விரிவா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப தெம்பு இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். லிஸ்ட்ல கம்பெனி பேரு இருந்தா மட்டும் நம்பாதீங்க, அந்தக் கம்பெனிக்கே நேரா போன் பண்ணி ஆஃபர் உண்மையான்னு கேளுங்க. சிஓஎஸ்ங்கறது ஸ்பான்சர் சிஸ்டத்துல இருக்கற ஒரு பதிவு, முத்திரை போட்ட சர்டிபிகேட் இல்ல, நம்பர்ல பாதிய மறைச்சுக் காசு கேட்டா அங்கயே எழுந்து வந்துடுங்க. இங்க இமிக்ரேஷன் அட்வைஸ் கொடுக்கறவங்க இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிவு பண்ணியிருக்கணும், இல்ல சொலிசிட்டர் மாதிரி வேற ரெகுலேட்டர் கீழ இருக்கணும், ரெண்டும் இல்லாம கொடுத்தா கிரிமினல் குற்றம். இந்த ஆளு பேரு அந்த லிஸ்ட்ல இல்லவே இல்ல. இந்தியா அக்கவுண்டுக்குக் கேட்டா ஒரு ரூபா அனுப்பாதீங்க, யூகேக்குள்ள அனுப்பின 2,500க்கு பேங்க்ல கிளெய்ம் போட்டிருக்கேன், 2024 அக்டோபர்ல இருந்து அதுக்கு ரூல் இருக்கு, வெளிநாட்டு அக்கவுண்டுக்குப் போன காசு அதுல வராது. அந்த 4,000க்கு எங்கப்பா ஊர்ல இருந்து 1930ங்கற ஹெல்ப்லைன் நம்பருக்கு அடிச்சு சைபர் கிரைம்ல பதிவு பண்ணியிருக்காரு.

ஈஸ்ட் ஹாம்ல இதே மாதிரி யார்கிட்டயாவது பணம் கட்டிட்டு சிஓஎஸ் வரும்னு காத்திருக்கீங்கன்னா இன்னைக்கே செக் பண்ணுங்க, அவன் மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பிளாக் பண்ணதுக்கு அப்புறம் ப்ரொஃபைல் போட்டோ, நம்பர் எல்லாம் மாத்திடறான்.