பிரெஞ்ச் பிரஸ்ஸில் இலைத் தேநீர்: இலையைப் பிழியாதீர்கள்

காபிக்கென்று விற்கிற பிரெஞ்ச் பிரஸ்ஸை நான் தேநீருக்காகவே வாங்கினேன். 350 மில்லி பிடிக்கிற கண்ணாடிக் குடுவை, மூடியோடு ஒரு பிளஞ்சர் (மேலிருந்து அழுத்துகிற தண்டு), அதன் அடியில் எஃகு வலை, அவ்வளவுதான். எட்டு மாதமாகத் தினமும் இதில்தான் போடுகிறேன். இலையை உள்ளே அடைத்து வெந்நீரில் போடுகிற, துளை வைத்த பழைய இன்ஃபியூசர் உருண்டையைத் திரும்ப எடுக்கவே தோன்றவில்லை.

இலைக்கு இதில் நல்ல இடம் கிடைக்கிறது. மிளகு மாதிரி சுருண்டு கிடக்கிற ஊலாங் (பச்சைக்கும் கருந்தேயிலைக்கும் இடைப்பட்ட தேயிலை வகை), வெந்நீர் பட்டுச் சில நிமிடத்தில் காம்போடு முழு இலையாகப் பிரிந்து நிற்பதைக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். அந்தச் சின்ன உருண்டைக்குள் அடைத்தால் இலை விரிய வழியில்லை, தண்ணீரும் நடுவரை போகாது, சாறு பாதிதான் இறங்கும்.

ஆனால் முதல் இரண்டு வாரம் எல்லாமே கசந்தது. காபிக்குச் செய்கிற மாதிரி அடிவரை அழுத்தி இலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்தால் துவர்ப்பும் கசப்பும் சேர்ந்து இறங்கும். இப்போது வலை இலையைத் தொட்டதுமே கையை நிறுத்திவிடுகிறேன். அப்புறம், பிளஞ்சரை இறக்கினால் ஊறுவது நின்றுவிடாது. வலைக்குக் கீழே இலை தண்ணீரில்தான் கிடக்கிறது, பாதியை ஊற்றிக் குடித்துவிட்டு மீதியைப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் வாயில் வைக்க முடியாது. நேரம் ஆனதும் மொத்தமாக ஊற்றிவிட வேண்டும்.

நான் 300 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் இலை போடுகிறேன். கருந்தேயிலை என்றால் கொதிக்கிற தண்ணீர், 4 நிமிடம். பச்சைத் தேயிலைக்கு 75-80 டிகிரி, 2 நிமிடம் போதும், கொதிநீரை ஊற்றினால் கசந்துவிடுகிறது, கீரை வெந்த வாசமும் வருகிறது. ஊலாங்கை அதே இலையில் மூன்று தடவை எடுக்கலாம். எனக்கு இரண்டாவது தடவைதான் உசத்தி, மணம் முழுசாக வருவது அப்போதுதான்.

குறைகளும் உண்டு. தூள் தேயிலைக்கு இது சரிப்படாது, வலையைத் தாண்டி வந்து கோப்பையின் அடியில் மண்டியாகத் தங்கிவிடும். ஒற்றைக் கண்ணாடி என்பதால் சூடு சீக்கிரம் இறங்குகிறது, அதனால் முதலில் வெந்நீரால் குடுவையை அலசிவிட்டுத்தான் இலையைப் போடுகிறேன். சக்கையைக் கொட்டியதும் பிளஞ்சரைக் கழற்றிக் கழுவ வேண்டும், வலையின் ஓரத்துச் சுருள் கம்பியில் இலைத் துணுக்கு மாட்டிக்கொள்ளும். காபிக்கும் இதையே வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். காபியின் எண்ணெய் வலையில் ஒட்டிக்கொண்டு, மென்மையான பச்சைத் தேநீரின் வாசனையை அமுக்கிவிடுகிறது.

பெரிய குடுவையாக இருக்கட்டுமே என்று ஒரு லிட்டர் வாங்க வேண்டாம். ஒரே தடவையில் ஊற்றிக் காலி செய்கிற அளவு எதுவோ அதை வாங்குங்கள், தனியாகக் குடிப்பவருக்கு 350 மில்லியே தாராளம்.