அஞ்சு பேரு, ஒரே அசெம்பிளி: ஷேர் ஃபோல்டரா, பிடிஎம்மா, ஆன்ஷேப்பா?

கப்பலூர் சிட்கோல ஜிக், ஃபிக்ஸ்ச்சர் (வேலை நடக்குறப்ப பாகத்த அசையாம பிடிச்சு நிறுத்துற அமைப்பு) டிசைன் பண்றோம், அஞ்சு பேரு, எல்லாருக்கும் சாலிட்வொர்க்ஸ்ங்கற 3டி டிசைன் சாஃப்ட்வேர். போன ஆடி மாசம் ஷாப்புல இருந்து போன் வருது, "அண்ணே, பேஸ் பிளேட்டுல டவல் பின் உக்கார மாட்டேங்குது, ஹோல் எல்லாம் பழைய பிட்ச்ல கெடக்கு"ன்னு. பிட்ச்னா ஹோலுக்கு ஹோல் இருக்குற தூரம். பாத்தா காலையில ஒருத்தர் பிட்ச் மாத்தி சேவ் பண்ணிருக்காரு, இன்னொருத்தர் அதே பார்ட்ட தன் டெஸ்க்டாப்புக்கு காப்பி எடுத்து வேலை பாத்துட்டு சாயங்காலம் சர்வர்ல அது மேலயே ஒட்டிட்டாரு. 12 பிளேட் ஸ்கிராப். ரெண்டு பேருமே ஒழுங்காத்தான் வேலை பாத்திருக்காங்க, யாரத் திட்டுறது? அதுக்கப்புறம்தான் பல பார்ட்ட சேத்த ஒரே அசெம்பிளியில அஞ்சு பேரும் எப்படி மோதாம வேலை பாக்குறதுன்னு உக்காந்து ஒவ்வொரு வழியா பாத்தோம்.

முதல்ல ஷேர் ஃபோல்டர். செலவே இல்ல, ஒரு விண்டோஸ் பிசியில ஒரே நேரத்துல 20 கனெக்‌ஷன் வரைக்கும் விடும், அஞ்சு பேருக்குத் தாராளம். ஒருத்தர் ஃபைலத் தெறந்துட்டா அடுத்தவருக்கு ரீட் ஒன்லினு காட்டும், செட்டிங்ஸ்ல கொலாபரேஷன்ல மல்டி யூசர ஆன் பண்ணிட்டா இன்னும் தெளிவா தெரியும். ஆனா அது தெறந்திருக்குற நேரத்துக்கு மட்டும்தான் பூட்டு, காப்பி எடுத்துட்டுப் போறவர தடுக்காது. கரண்ட் கட்டாகி பிசி ஆஃப் ஆனா இந்தப் பூட்டுக்காக சாலிட்வொர்க்ஸ் பேருக்கு முன்னால ~$ போட்டு வைக்கிற மறைவு ஃபைல் அங்கயே தங்கிடும், யாருமே தெறக்கலன்னாலும் ரீட் ஒன்லினு நிக்கும். அத போய் டெலீட் பண்ணணும். ஆட்டோகேட்ல இதே வேலைய டிடபிள்யூஎல் ஃபைல் பண்ணுது.

ஆட்டோகேட்ல பில்டிங் பிளான் போடுறவங்களுக்கு மட்டும் ஷேர் ஃபோல்டரே போதும்னு சொல்லுவேன். ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், எலக்ட்ரிக்கல்னு தனித்தனி டிடபிள்யூஜி ஃபைலா பிரிச்சு எக்ஸ்ரெஃப்ல (ஒரு டிராயிங்குக்குள்ள இன்னொண்ண லிங்க்கா காட்டுறது) கோத்துட்டா ஒருத்தர் ஃபைல இன்னொருத்தர் தொடவே வேண்டியதில்ல. அந்த லிங்க்கோட ஃபைல் பாத் (path) மட்டும் ரிலேட்டிவா, அதாவது ஒரு ஃபைல்ல இருந்து இன்னொண்ணு எங்க இருக்குனு சொல்ற மாதிரி வச்சுக்கோங்க.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் சின்க் ஃபோல்டர்ல அசெம்பிளி வேலை வேணவே வேணாம். ஒவ்வொரு பிசியிலயும் தனித்தனி காப்பி ஓடும், ரெண்டு பேரும் சேவ் பண்ணா டிராப்பாக்ஸ் கான்ஃப்ளிக்டட் காப்பினு இன்னொண்ணப் போட்டு வைக்கும், எது சரினு நீங்கதான் தேடணும்.

இப்ப பிடிஎம், அதாவது டிசைன் ஃபைல எல்லாம் ஒரே எடத்துல வச்சு யார் எடுத்தா, யார் மாத்துனானு கணக்கு வைக்கிற சாஃப்ட்வேர். சாலிட்வொர்க்ஸ் புரொஃபஷனல் இல்ல பிரீமியம் லைசன்ஸ் இருந்தா பிடிஎம் ஸ்டாண்டர்டு கூடவே வருது, இது தெரியாமலேயே நாங்க பல வருஷம் ஓட்டிட்டோம், அதுதான் வயித்தெரிச்சல். செக் அவுட் பண்ணவர் (தன் பேருல ஃபைல எடுத்தவர்) மட்டும்தான் எடிட் பண்ண முடியும், செக் இன் பண்ணா (திருப்பி வச்சா) வெர்ஷன் ஏறும், பழசு உள்ளயே பத்திரமா இருக்கும். பார்ட் பேர மாத்துனா அசெம்பிளியில இருக்குற லிங்க்கும் கூடவே மாறிக்கும், ஷேர் ஃபோல்டர்ல பேர் மாத்திட்டு அசெம்பிளியத் தெறந்தவங்களுக்கு இதோட அருமை புரியும். தொல்லை என்னன்னா, எஸ்கியூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ் போடணும், ஒருத்தர் அதப் பாத்துக்கணும், முதல் மாசம் எல்லாரும் செக் இன் பண்ண மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, மறுநாள் காலையில ஒரே கூச்சல்.

ஆன்ஷேப்பும் 3டி டிசைன் சாஃப்ட்வேர்தான், ஆனா வேற ரகம். ஃபைலுங்கற பேச்சே இல்ல, எல்லாம் பிரவுசர்ல, ரெண்டு பேரு ஒரே பார்ட்ல ஒண்ணா வேலை பாக்கலாம், பிரான்ச்னு தனிக் கிளை எடுத்து மாத்திப் பாத்துட்டு அசலோட மெர்ஜ் பண்ணிக்கலாம், ஷாப்புல நிக்கிறவர் போன்லயே பாத்துக்கலாம். சாலிட்வொர்க்ஸ ஆரம்பிச்ச ஜான் ஹிர்ஷ்டிக்தான் இதையும் ஆரம்பிச்சாரு, 2019-ல பிடிசிங்கற கம்பெனி வாங்கிடுச்சு. ஆனா இலவச பிளான்ல போடுற டிசைன் ஊருக்கே தெரியும், கஸ்டமர் டிராயிங்க அதுல ஏத்துறது நம்பிக்கைத் துரோகம். பழைய சாலிட்வொர்க்ஸ் பார்ட்ட உள்ள கொண்டுபோனா ஃபீச்சர் ட்ரீ (எதுக்கப்புறம் எதப் போட்டோம்ங்கற லிஸ்ட்) போயிடும், வெறும் கட்டிதான் மிஞ்சும். நெட் போனா வேலையும் போச்சு.

புதுசா ஆரம்பிக்கிறவங்க, கையில பழைய ஃபைல் இல்லாதவங்க காசு கட்டி ஆன்ஷேப் எடுங்க, தாராளமா சொல்றேன். எங்ககிட்ட பல வருஷ ஃபிக்ஸ்ச்சர் கெடக்கு, அதனால பிடிஎம்தான். பேக்கப் எடுக்கறப்ப டேட்டாபேஸ் மட்டும் எடுத்துட்டு விட்றாதீங்க, நெஜ ஃபைல் எல்லாம் ஆர்க்கைவ் ஃபோல்டர்ல இருக்கு, ரெண்டும் சேந்து இருந்தாதான் திரும்ப எழுப்ப முடியும். நாங்க சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல எடுத்து, டிஸ்க்க ஆபீஸ்ல வைக்காம வீட்டுக்குக் கொண்டுபோயிடுறோம்.