லாக்ஐயா, ஆராசியா? ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க

பெங்களூர்ல ஐஐஎஸ்சி பக்கமோ ஜிகேவிகே பக்கமோ லேப்ல புதுசா சேர்ற நம்ம தமிழ்ப் பசங்க அடிக்கடி கேக்குறது, ஈ.கோலைங்கற பாக்டீரியாவுல புரோட்டீன் எடுக்க லாக் பிளாஸ்மிட் (செல்லுக்குள்ள நாம போடற டிஎன்ஏ வளையம்) நல்லதா ஆரா பிளாஸ்மிட் நல்லதான்னு. லாக்ல ஜீனை ஆளற புரோட்டீன் லாக்ஐ, ஆராவுல ஆராசி. ரெண்டுமே சர்க்கரை பாத்து ஜீனை ஆன் பண்றதுதானே, ஃப்ரீசர்ல எது இருக்கோ அதை எடுன்னு சீனியர்ஸ் சொல்லிடுறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

லாக்ஐ சுத்தமான ரெப்ரஸர், அதாவது ஜீனைத் தடுத்து வைக்கற புரோட்டீன். 1961ல ஜேக்கப்பும் மோனோவும் இப்படி ஒண்ணு இருக்கணும்னு சொன்னாங்க, 1966ல கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைப் பிரிச்சே எடுத்தாங்க, அதுவும் ஒரு செல்லுக்குள்ள சுமார் பத்து மூலக்கூறுதான் இருக்குங்கறப்போ அது எவ்வளவு பெரிய வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. நாலு துண்டு சேர்ந்த புரோட்டீன், ஆப்பரேட்டர்ங்கற டிஎன்ஏ இடத்துல உக்காந்து வழியை மறிக்கும், லாக்டோஸ்ல இருந்து வர்ற அல்லோலாக்டோஸ் ஒட்டினா வடிவம் மாறி டிஎன்ஏவை விட்டுடும். லேப்ல அதுக்குப் பதிலா போடற ஐபிடிஜிங்கற வேதிப்பொருள் பண்றதும் அதேதான், ஆனா செல்லால அதைத் தின்ன முடியாது, அதனால அளவு குறையாம நிக்கும்.

ஆனா லாக்ஐ முழுசா மூடவே மூடாது, மூடவும் கூடாது. லாக்டோஸை உள்ள கொண்டுவர்ற பெர்மியேஸும் அதை அல்லோலாக்டோஸா மாத்துற பீட்டா-கேலக்டோசிடேஸும் லாக்ஐ மூடற அதே ஆப்பரான்ல (சேர்ந்தே ஆன் ஆகற ஜீன் கூட்டம்) இருந்துதான் வரணும், கொஞ்சமாவது கசியலன்னா வெளிய லாக்டோஸ் இருக்கறதே பாக்டீரியாவுக்குத் தெரியாது! அதுக்கு உயிர் கொடுக்கற அந்தக் கசிவுதான், செல்லைக் கொல்ற புரோட்டீனை எடுக்கப் பாக்குற நமக்குத் தலைவலி.

ஆராசி வேற ஜாதி. அராபினோஸ்ங்கற சர்க்கரை இல்லாதப்ப 210 பேஸ் ஜோடி தள்ளி இருக்கற ரெண்டு இடத்தைப் பிடிச்சு டிஎன்ஏவை வளையமா மடிச்சு வச்சிருக்கும். அராபினோஸ் வந்தா விட்டுட்டுப் போகாது, தூரத்துல பிடிச்சிருந்ததை விட்டு பக்கத்து இடத்துக்கு மாறி ஜீனைப் படிக்கற ஆர்என்ஏ பாலிமரேஸுக்குக் கைகொடுக்கும். ரெப்ரஸர்தான் எல்லாம்னு நம்பின 1960கள்ல எங்கிள்ஸ்பெர்க்ங்கற விஞ்ஞானி இதை ஆக்டிவேட்டர்னு, அதாவது ஜீனை ஆன் பண்ற புரோட்டீன்னு, சொன்னப்போ ஏத்துக்கவே ரொம்ப பேர் தயங்கினாங்க. தடை போனா மட்டும் போதாது, உதவியும் வரணும், அதான் ஆஃப்னா நல்லாவே ஆஃப். குளுக்கோஸ் சேத்தா ஜீன் ஆன் ஆக உதவுற சைக்ளிக் ஏஎம்பிங்கற சின்ன மூலக்கூறு குறைஞ்சு இன்னும் இறுகும்.

ஆராசியோட குறை, அராபினோஸை பாதியா போட்டா ஒவ்வொரு செல்லும் பாதி வேலை செய்யாது, சில செல் முழுசா ஆன், மீதி ஆஃப், ஏன்னா அராபினோஸை உள்ள இழுக்கற டிரான்ஸ்போர்ட்டரே அராபினோஸ் வந்தாத்தான் பெருகும், புரோட்டீனைப் பிரிச்சுப் பாக்கற ஜெல்ல நீங்க பாக்கறது வெறும் சராசரி. ஐபிடிஜி பெர்மியேஸ் இல்லாமலும் கொஞ்சம் உள்ள போயிடறதால லாக்ல இந்தத் தொல்லை கம்மி.

இதே மாதிரி கேலக்டோஸ்ங்கற சர்க்கரைக்கான கால்ஆர்னு ஒரு ரெப்ரஸரும் இருக்கு, லாக்ஐக்குச் சொந்தக்காரன்தான், வளையம் போட ஹெச்யூங்கற இன்னொரு புரோட்டீன் துணை வேணும், லேப் பிளாஸ்மிட்கள்ல அதிகம் பாக்க முடியாது.

என் தேர்வு: தொந்தரவு பண்ணாத புரோட்டீன், நிறைய வேணும்னா கண்ண மூடிட்டு டி7 வைரஸ்ல இருந்து எடுத்த பாலிமரேஸோட லாக். செல்லைக் கொல்ற புரோட்டீன்னா ஆரா, அராபினோஸைத் தின்னத் தெரியாத டாப்10 மாதிரி ஈ.கோலை ஸ்ட்ரெய்ன்ல, ராத்திரி கல்ச்சர்ல குளுக்கோஸ் போட்டு வளத்து, காலைல புது மீடியாவுக்கு மாத்திட்டு அப்புறமா அராபினோஸ் ஊத்துங்க.